பெரோ பான்யோசுக்கு ஒரு வெட்டுக்கத்தி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. கூடுதலான மூன்றும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஒன்பது பேரையும் தங்கவயலில், சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் வைத்துக்கொண்டு வளர்த்தேன். ஒருவரும் சோடை போகவில்லை. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதை வைத்து என்னை எடை போட வேண்டாம்.

எங்கள் கோயில் மாத மலரில் பயணம் எழுதுகிறவர்கள் வேளாங்கண்ணி என்பார்கள், கோவா என்பார்கள், ஒருவர் ரோமாபுரி வரைக்கும் போய் வந்தார். நான் போனது பெங்களூர். ரயிலில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. நம் லைன் ஆண்கள் பாதிப்பேர் தினமும் வேலைக்குப் போய் வருகிற ஊர். ஆனாலும் இந்த நவம்பர் மாதம் நான் அங்கே பார்த்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் 1, 2000. புதன்.

விடியற்காலை வண்டியில் மாரிகுப்பத்தில் ஏறினேன். டிக்கெட் பதினெட்டு ரூபாய். கர்நாடகம் பிறந்த நாள், ராஜ்யோத்சவ விடுமுறை என்பதால் சீசன் டிக்கெட்காரர்கள் இல்லை, சீட்டாட்டமும் இல்லை. காலை நீட்டிக்கொண்டு போக இடம் கிடைத்தது. என் மகள் ரோசலினுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பையில் ஒரு டப்பா முறுக்கு, அரைப்படி நெய், குழந்தைக்கு வெள்ளை கவுன், எனக்கு மூன்று புடவை.

பங்காருப்பேட்டையில் ஏறிய ஒரு பெண் எதிரில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் என் பேச்சைக் கேட்டுவிட்டு முன்னால் குனிந்தாள்.

“ஆயா, பெங்களூர்ல இறங்கினா கொஞ்சம் மெதுவா பேசுங்க. அந்தக் கன்னட நடிகர காட்டுக்குக் கடத்திட்டுப் போனதிலேர்ந்து நெலம சரியில்ல. தமிழ்னு தெரிஞ்சா ஒரு மாதிரி பாக்கறாங்க.”

“நான் எப்பவும் மெதுவாத்தாம்மா பேசறேன். கேக்கறவங்களுக்குத்தான் சத்தமா கேக்குது” என்றேன். பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பையப்பனஹள்ளியில் மாப்பிள்ளை கில்பர்ட் நின்றிருந்தார். அவர் மொரீஷியஸ் தீவுக்காரர். பெங்களூருக்குப் படிக்க வந்து, இங்கேயே கம்ப்யூட்டர் வேலை தேடிக்கொண்டு, என் மகளையும் தேடிக்கொண்டவர். நல்ல கறுப்பு, நல்ல உயரம், சுருட்டை முடி. தமிழை ஹாஸ்டல் பையன்களிடம் கற்றுக்கொண்டதால் மரியாதையும் விளையாட்டும் ஒன்றாய்க் கலந்து வரும். என் பையை வாங்கிக்கொண்டு, “வாங்க அத்தே, உங்க சம்பந்தியம்மா நேத்தே வந்துட்டாங்க. உங்களப் பாக்கணும்னு காலைலேர்ந்து ஒரே ரகளை” என்றார்.

ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ இருபது ரூபாய். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் சிவப்பு மஞ்சள் கொடி. பழைய மதராஸ் ரோடு முழுக்க அதே கொடி, மைக்கில் கன்னடப் பாட்டு. டிரைவர் கண்ணாடியில் மாப்பிள்ளையைப் பார்த்தபடியே வந்தார்.

“சார், ஆப்பிரிக்காவா?”

“ஜோகுபாளையம், குரு” என்றார் மாப்பிள்ளை, பெங்களூர்ப் பையன்கள் மாதிரியே.

இறங்கும்போது டிரைவர், “ஆப்பிரிக்காக்காரர் நம்ம மாதிரியே பேசறார்” என்று என்னிடம் கன்னடத்தில் சொன்னார்.

மகள் வீடு முதல் மாடி. கீழே வீட்டுக்காரி சாவித்திரம்மா. படியேறும்போதே மேலே ஒரு பெண் நிற்பது தெரிந்தது. பூப்போட்ட கவுன், தலையில் வைக்கோல் தொப்பி, காலில் ரோசலினின் ரப்பர் செருப்பு. அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா, பெயர் லிசேத். அறுபது வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எங்கள் லைனில் சம்பந்திகள் இப்படிச் செய்வதில்லை. ஆனால் முத்தத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நம் பக்கம் குறைந்துபோகும் என்று நானும் இரண்டு கொடுத்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. கிரியோல் என்று அவர்கள் பாஷை. ‘நல்லா இருக்கா’ என்பது மட்டும் ரோசலின் சொல்லிக் கொடுத்திருந்தாள். மற்றதையெல்லாம் மாப்பிள்ளை இரண்டு பக்கமும் திருப்பிச் சொன்னார். நான் இங்கே நடுவில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, அவர் நேராகப் பேசியதாகவே எழுதுகிறேன்.

மத்தியானம் அவர் சமைத்தார். தேங்காய்ப்பால் ஊற்றின மீன், வெள்ளைச் சோறு. புளி போதவில்லை. மற்றபடி குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். குழந்தை அவர் மடியில் இருந்தது. நான் பேச்சுக்காக, “உங்க சொந்த ஊர் மொரீஷியஸ்ல எந்தப் பக்கம்?” என்றேன்.

“என் ஊர் மொரீஷியஸ் இல்ல. பெரோ பான்யோஸ்.”

மொரீஷியஸிலிருந்து கப்பலில் வடகிழக்கே பல நாள் போனால் கடல் நடுவில் சின்னச் சின்னத் தீவுகள் கூட்டமாக இருக்கிறதாம். அதில் ஒன்றில் பிறந்தார். அவர் அம்மாவும், அம்மாவின் அம்மாவும் அங்கேதான். தீவு முழுக்கத் தென்னை. கொப்பரை எடுக்கிற ஒரு கம்பெனி. கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கம்பெனி ஆஸ்பத்திரி, சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை கோயில். கேட்கக் கேட்க எனக்கு எங்கள் லைன்தான் தெரிந்தது. நாங்கள் மண்ணுக்குக் கீழே தங்கம் எடுத்தோம், அவர்கள் மண்ணுக்கு மேலே தேங்காய் எடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தெட்டு வயதில் புருஷனின் வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனார். சுகமான பிறகு திரும்ப டிக்கெட் கேட்டு கப்பல் ஆபீசுக்குப் போனால், அங்கே இருந்தவர், ‘இனி அந்தத் தீவுக்குக் கப்பல் கிடையாது, உங்கள் ஊர் மூடியாகிவிட்டது’ என்றாராம். கையில் ஒரு துணிமூட்டை. கட்டின வீட்டில் கோழி, பானை, கட்டில் எல்லாம் அப்படியே. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் இருந்தவர்களையும் கப்பலில் ஏற்றி இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை பிறந்தது மொரீஷியஸில், தகரக் கொட்டகையில்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். மாப்பிள்ளை சொன்னார்:

“அந்தத் தீவுக்கூட்டத்துல தியேகோ கார்சியான்னு ஒரு பெரிய தீவு இருக்கு அத்தே. அத இங்கிலீஷ்காரன் அமெரிக்காக்காரனுக்கு மிலிட்டரிக்குக் குடுத்துட்டான். பக்கத்துல மனுஷங்க இருந்தா தொல்லை. அதனால இங்க ஊர்க்காரங்கன்னு யாருமே கெடையாது, எல்லாம் வந்து போற காண்ட்ராக்ட் கூலிங்கன்னு சொல்லிட்டாங்க. அப்புறம், பர்மிட் இல்லாம யாரும் கால் வைக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம். மொரீஷியஸ் கவர்ன்மென்ட் என்னடான்னா, அந்தத் தீவே எங்களுதுன்னு சொல்லுது.”

“ரெண்டு பேர் எனக்கு எனக்குன்னு இழுக்கறாங்க. இருந்தவள யாரும் கேக்கல” என்றேன்.

“இப்ப கேக்கறாங்க. எங்காளு ஒருத்தர் லண்டன் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கார். அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதான்னு. வெள்ளிக்கிழமை தீர்ப்பு.”

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். கம்பெனி லைனில் ஐம்பது வருஷம் இருந்தவள் வேறு என்ன சொல்வாள்? “கம்பெனி வீடு கம்பெனிக்குத்தானே சம்பந்தி. வேலை முடிஞ்சா சாவியைக் குடுத்துட்டு வரவேண்டியதுதான். எங்க லைன்லயும் அதுதான் சட்டம்” என்றேன். எங்கள் சுரங்கத்தையும் மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிற நேரம் இது. நான் என்னைத்தான் சமாதானம் செய்துகொண்டிருந்தேன் போல.

மாப்பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லத் தயங்கினார். “சொல்லு” என்று அதட்டினேன். சொன்னார். லிசேத் கோபப்படவில்லை. குழந்தையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடிக்கொண்டே சொன்னார்:

“வீடு கம்பெனியோடதுதான். சாவி வேணும்னா குடுத்துடறேன். என் மூத்த பொண்ண ரெண்டு வயசுல அங்கதான் பொதைச்சேன். அந்தக் குழி எந்தக் கம்பெனியோடது?”



நவம்பர் 2, வியாழன். கல்லறைத் திருநாள்.

என் அக்கா பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு இங்கேயே இறந்தவள். கல்பள்ளிக் கல்லறையில் இருக்கிறாள். ஏழரை மணிக்கு நான், சம்பந்தி, அரை நாள் லீவு போட்ட மாப்பிள்ளை மூவரும் ஆட்டோவில் போனோம்; பதினைந்து ரூபாய். வாசலில் திருவிழாக் கூட்டம். செவ்வந்தி முழம் பன்னிரண்டு என்றாள் பூக்காரி. நேற்று எட்டுக்கு விற்றதை நான் ஆட்டோவிலிருந்து பார்த்திருந்தேன்.

“செத்தவங்க நாளன்னைக்கா வெலைய ஏத்துவ?”

“நாளைக்கு வாங்க, அஞ்சுக்குத் தரேன். செத்தவங்க ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க” என்றாள். அவளும் என்னைப்போல ஒருத்தி. பத்துக்கு முடிந்தது.

உள்ளே குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்குகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள், சிலுவைக்குப் பெயிண்ட் பூசுகிறார்கள், அங்கேயே இட்லிப் பொட்டலம் பிரிக்கிறார்கள். அக்கா கல்லறையைச் சுத்தம் செய்ய ஓர் ஆளை முப்பது ரூபாய்க்குப் பேசினேன். பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஐம்பத்துமூன்று மணி செபமாலை முடித்தேன்.

கல்லறை நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. இறந்தவர்களை வெளியூரில் புதைத்தவர்கள், புதைத்த இடம் தெரியாதவர்கள், எல்லோரும் அதன் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்கள் தங்கவயலிலும் அப்படித்தான். நான் சம்பந்திக்கென்றே தனியாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். நேற்று பேசியதற்கு ஈடாக இருக்கட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். “போய் உங்க பொண்ணுக்கு ஏத்துங்க” என்று கையில் கொடுத்தேன்.

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், பெரிய சிலுவையைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“அது எடம் தெரியாதவங்களுக்கு. எனக்கு எடம் தெரியும். கோயில் செவுத்துக்குப் பின்னாடி, கடல் பக்கம், ரெண்டாவது வரிசை. அங்க போய்த்தான் ஏத்துவேன்.”

மாப்பிள்ளை என் காதருகே வந்து, “முப்பத்திரண்டு வருஷமா அம்மா எங்கயும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினதில்ல அத்தே. பொறந்த நாள் கேக்குலகூட நாங்கதான் ஏத்தணும்” என்றார்.

வீம்பு என்றால் எனக்குத் தெரியும், நானே வீம்புக்காரி. அதனால் மேலே வற்புறுத்தவில்லை. ஆனால் அவர் சும்மாவும் இருக்கவில்லை. நான் அமர்த்தின ஆளின் வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் யாரும் வராமல் முள் மண்டிக் கிடந்த ஒரு கல்லறையை வெட்டத் தொடங்கினார்.

“அம்மா, அது நம்மளுது இல்ல” என்றான் அந்த ஆள்.

அவர் பாட்டுக்கு வெட்டினார். கவுனை இடுப்பில் செருகிக்கொண்டார். தொப்பியை என் தலையில் வைத்துவிட்டார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மூன்றாவதை முடிக்கும்போது பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் நின்று பார்த்தன.

“ஏம்மா, இவங்க நாளைக்கும் வருவாங்களா?” என்று அந்த ஆள் என்னிடம் கேட்டான். “இவங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேர் வந்தா நான் சுண்ணாம்பு வாளியத் தூக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.”

திரும்பும்போது ஆட்டோவில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். “கை பழகிக்கட்டும்” என்றார். “என் பொண்ணு மேல இந்நேரம் தென்னையே மொளைச்சிருக்கும்.”

நவம்பர் 3, வெள்ளி.

இந்த நாளை மறக்க மாட்டேன். லண்டனில் காலை பத்தரை என்றால் நமக்குச் சாயங்காலம் நாலு மணி என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மகள் வீட்டில் போன் கிடையாது. சாவித்திரம்மா வீட்டு போனுக்குத்தான் வரும். மாப்பிள்ளையின் அக்கா மொரீஷியஸிலிருந்து கூப்பிடுவாள்.

சம்பந்தி காலையில் வீட்டுத் துணி முழுவதையும் துவைத்தார். பிறகு துவைத்த திரைச்சீலையைத் திரும்பவும் துவைத்தார். என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நாளில் நான் அரிசியை மூன்று தடவை புடைத்தேன். கையில் ஏதாவது இருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கே மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். நாலு அடித்தது. நாலரை அடித்தது. நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அடிப்படியில் மாப்பிள்ளை, மேல்படியில் குழந்தையோடு ரோசலின். சாவித்திரம்மா வாசலில் நாற்காலி போட்டு, “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டுக்கொண்டே கோடுபளே முறுக்கை நீட்டினார். தீபாவளிக்குச் செய்தது. யாருக்கும் இல்லை, ஒரு கேஸ் என்றேன். “சொத்துக் கேஸா?” என்றார். “ஆமாம், ஒரு ஊரு” என்றேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன் போன் அடித்தது. மாப்பிள்ளை ஓடி எடுத்தார். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்; ரிசீவரை விட்டுத் தள்ளி நின்ற எனக்கே கேட்டது. பாத்திரம் தட்டுகிற சத்தம், ஆட்கள் பாடுகிற சத்தம். மாப்பிள்ளை, “என்ன? என்ன?” என்றார் அவர்கள் பாஷையில். பிறகு ரிசீவரை அம்மாவிடம் நீட்டினார்.

சம்பந்தி கேட்டார். அசையாமல் கேட்டார். முடிந்ததும் ரிசீவரைத் தாங்கியில் வைக்காமல் சாவித்திரம்மா கையில் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். சாவித்திரம்மா, “ஹலோ, ஹலோ, யாரு?” என்று மொரீஷியஸோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். ஒரு தேசத்தை நன்றாக ஆள்வதற்கென்று அரசாங்கத்துக்குச் சட்டம் போடும் அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே இருக்கிற ஜனங்கள் அத்தனை பேரையும் துரத்திவிட்டு, அதுதான் ஆட்சி என்று சொல்ல முடியாது. ஜனங்களை வைத்துத்தான் ஆள வேண்டும். அதனால் அந்தச் சட்டம் செல்லாது. துரத்தியது தப்பு. இவர்கள் வந்து போன கூலிகள் அல்ல, அந்த ஊர்க்காரர்கள்தான். இது லண்டன் கோர்ட்டு சொன்னது. பெரிய தீவான தியேகோ கார்சியாவுக்கு மட்டும் போக முடியாது; அங்கே அமெரிக்காக்காரன் இருக்கிறான். மற்றத் தீவுகளுக்குப் போகலாம்.

“பெரோ பான்யோஸ்?” என்றேன்.

“போலாம் அத்தே” என்றார் மாப்பிள்ளை. அழுதுகொண்டே சிரித்தார். அவர் பார்த்திராத ஊர் அது.

முகம் கழுவி வந்த சம்பந்தி, குழாயடியில் இருந்த சாவித்திரம்மாவின் எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்தார். உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு படிப்படியாக வேகமாக. பாடினார். மாப்பிள்ளை குடத்தை வாங்கித் தட்ட, அவர் எழுந்து ஆடினார். காலைத் தூக்காமல், தரையைத் தேய்த்து, இடுப்பை மட்டும் ஆட்டுகிற ஆட்டம். கவுன் நுனியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். எழுபத்திரண்டு வயதில் நான் ஆடினேன். யாராவது வந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்று ஆடினேன். நன்றாகவே ஆடினேன் என்று ரோசலின் சொன்னாள்.

சாவித்திரம்மாவுக்கு விஷயத்தைக் கன்னடத்தில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போனார். தீபாவளிக்கு மிச்சம் வைத்திருந்த சரவெடியோடு வந்தார். “ஊரே திரும்பக் கிடைச்சிருக்கு, ஒரு பட்டாசுகூட இல்லாமலா?” என்றார். தெருவில் வைத்து அவரே கொளுத்தினார். எதிர்வீட்டுக்காரர், “தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே” என்று எட்டிப் பார்த்தார். “இது வேற தீபாவளி” என்றார் சாவித்திரம்மா.

பிறகு எல்லோரும் அடங்கி உட்கார்ந்தபோது நான் கேட்டேன். “எப்ப கப்பல்?”

“கப்பல் இல்ல” என்றார் சம்பந்தி. “வீடும் இல்ல. தண்ணியும் பாக்கணும். தீர்ப்பு வந்திருக்கு. மத்தது வரும்.” தியேகோ கார்சியாவில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கைக்குத்தான் வழி இல்லை என்றார். பிறகு சோறு கேட்டார். இரண்டு வேளைச் சோறு சாப்பிட்டார்.

நவம்பர் 4, சனி.

காலையில் எழுந்ததும் கடைக்குப் போக வேண்டும் என்றார் சம்பந்தி. ஞானஸ்நானத்துக்குத்தான் ஏதோ வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். “வெட்டுக்கத்தி” என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தையைக் கல்பள்ளியிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். “அம்மா, மொரீஷியஸ்ல கத்தியே விக்கறதில்லையா?”

“அந்தக் கத்தி நல்லா வெட்டுச்சு” என்றார்.

பஸ்ஸில் சிவாஜிநகர் போனோம், ஆளுக்கு மூன்று ரூபாய். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரும்புக் கடைகள். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர். உருதுவும் தமிழும் கலந்து பேசினார். “ஆவோம்மா, என்னா ஹோனா? தேங்கா வெட்டவா, ஆடு வெட்டவா?”

“தென்னை வெட்ட. கல்லறை மேல மொளைச்ச தென்னை” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், சம்பந்தி முகத்தைப் பார்த்தார். ஆறு கத்தியை எடுத்துப் போட்டார். சம்பந்தி ஒவ்வொன்றாக எடுத்து வீசிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்துகொண்டார்கள். நுனி வளைந்த கனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு என்றார் கடைக்காரர். அறுபத்தைந்துக்கு முடித்தேன். கூடவே ஒரு சுண்ணாம்புப் பிரஷ், பதினான்கு ரூபாய். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வளைந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பஸ் நிலையத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். ஊர் இருக்கிற நிலையில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கன்னடத்தில், “என்னம்மா அது, மச்சுக் கத்தியா? எங்கே எடுத்துப் போகிறீர்கள்?” என்றார்.

“கல்லறைக்கு” என்றேன் கன்னடத்தில்.

“கல்லறையில் யாரை வெட்டப் போகிறீர்கள்?”

நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தீவு, தேங்காய்க் கம்பெனி, கப்பல், ரெண்டு வயதுப் பெண், நேற்று வந்த தீர்ப்பு, எல்லாம். மூன்று பஸ் போய்விட்டது. அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இவங்க ஊரை எடுத்துக்கிட்டது யாருன்னு சொன்னீங்க?”

“வெள்ளைக்காரன்.”

“வெள்ளைக்காரனா? அவன் இன்னுமா அந்தப் பக்கம் இருக்கான்?” என்றார். பிறகு காகிதத்தை அவரே இறுக்கிச் சுற்றி, நுனி தெரியாமல் என் பைக்குள் வைத்து, அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார்.

நவம்பர் 5, ஞாயிறு.

ஞானஸ்நானம் நல்லபடியாக நடந்தது. நான் கொண்டுவந்த கவுன் அளவாக இருந்தது. தண்ணீர் ஊற்றியபோது குழந்தை அழவில்லை. என் பக்கத்து ரத்தம். குழந்தைக்காக ஏற்றுகிற மெழுகுவர்த்தியைச் சாமியார் தந்தை வழிப் பாட்டியிடம் நீட்டினார். கோயிலே பார்த்துக்கொண்டிருக்கிறது. சம்பந்தி தலையாட்டி மறுத்து, என்னைக் கை காட்டினார். நான் வாங்கி ஏற்றினேன்.

வெளியே வந்த பிறகு, “இப்பத்தான் தீர்ப்பு வந்துடுச்சே, இன்னுமா?” என்றேன்.

“முப்பத்திரண்டு வருஷம் இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே” என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மெழுகுவர்த்தி ஏற்றாதவர் முகத்தில் அப்படி வெளிச்சம் நான் பார்த்ததில்லை.

நவம்பர் 6, திங்கள்.

சாயங்கால வண்டிக்குப் பையப்பனஹள்ளிக்கு எல்லோரும் வந்தார்கள். ரோசலின், “சுரங்கத்த மூடினா வீட்டையும் கேப்பாங்க. இப்பவே எங்ககூட வந்துடும்மா” என்று பத்து தடவையாவது சொன்னாள். முன்னே நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். கம்பெனி கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு மகள் வீடு.

“சாவியக் கேட்டா குடுப்பேன். ஆனா ஊர விட்டு வரமாட்டேன். உங்கப்பா அங்க கல்லறையில இருக்கார். பக்கத்துல வாடகைக்கு ஒரு அறை கிடைக்காதா?” என்றேன்.

மாப்பிள்ளை அதைத் தன் அம்மாவுக்குச் சொன்னார். சம்பந்தி என்னைக் கட்டிக்கொண்டார். முதல் கப்பலில் எனக்கும் ஓர் இடம் போட்டு வைப்பதாகச் சொன்னார். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். நீங்கள் சமைக்க வர வேண்டாம், புளி மட்டும் கொண்டு வாருங்கள் என்றார். ஆக, முதல் நாள் மீன் குழம்பு தின்றபோது நான் முகம் சுளித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

வண்டி முழுக்கச் சீசன் டிக்கெட்காரர்கள், சீட்டாட்டம். மாலூரில்தான் உட்கார இடம் கிடைத்தது. எதிரில் இருந்த பையன், “ஆயா, பெங்களூர் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டான். நல்ல ஊர் என்றேன். அங்கே பழைய மதராஸ் ரோட்டில் கூட்டமும் கொடியும் அதிகம், மனிதர்கள் கேட்டால் நின்று கேட்கிறார்கள். இங்கே லைனில் அமைதி அதிகம், தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள். இருந்தாலும் மாரிகுப்பத்தில் இறங்கி, தங்கம் பிரித்த மிச்சமான சயனைடு மண்மேட்டை இருட்டில் பார்த்தபோது, இது என் ஊர் என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நடந்து வந்தவர்கள் இல்லை என்று சொல்லவில்லை.

இவ்வளவுதான். பத்து நாளாக எழுதினேன். பேத்தி ரீட்டா பள்ளி விட்டு வந்துவிட்டாள். ரீட்டா, ஸ்கூல் பையைக் கீழே வைத்துவிட்டு வா. இதை முதலிலிருந்து சத்தமாகப் படி. எழுத்துப் பிழை இருந்தால் படிக்கும்போது சொல்லாதே, பிறகு நீயே திருத்திவிடு. நான் ஆடின இடத்தை வேகமாகப் படித்துவிட்டுப் போ. கோர்ட்டு சொன்ன இடத்தை மட்டும் நிறுத்தி, இரண்டு தடவை படி.